ஸ்டாக்கில் இருந்து ஒரு சுவிட்சைக் கழற்றுவது எப்படி: பிளக்கைத் தொடும் முன் படிக்க வேண்டியவை

ஸ்டாக் என்பது பல நெட்வேர்க் சுவிட்சுகளை (கணினி, ஃபோன் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டிகள்) கேபிளால் பிணைத்து ஒரே சுவிட்சாக ஓடவிடுவது. அதில் புதிய சுவிட்ச் சேர்ப்பதற்குச் சொல்லித்தர ஆட்கள் நிறைய. விற்கிற கம்பனிக்காரரே வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கழற்ற வேண்டி வரும்போது ஒருவரும் வரமாட்டார்கள். "அதில் என்ன இருக்கு, வயரைப் பிடுங்கு, பெட்டியைத் தூக்கு" என்பார்கள். அப்படிச் செய்தால் கந்தோரில் பாதிப் பேருக்கு நெட்வேர்க் இருக்கும், பாதிப் பேருக்கு இருக்காது, ஏன் என்று எவருக்கும் விளங்காது.

கல்முனையில் நான் வேலை செய்யும் கந்தோர் ஒரு மாடியை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தது. நான்கு சுவிட்ச் இருந்த ஸ்டாக்கைக் குறைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் நான் தேடித் திரிந்து சேர்த்ததை, மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ இதே வேலையில் முதல் தடவை கை வைக்கப்போகும் ஒருவருக்காக எழுதுகிறேன்.

நான் சொல்வது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ், 9300 இரண்டுக்கும். மற்ற நிறுவனச் சுவிட்சுகளிலும் யோசனை இதுதான், கமாண்டுகள் மாறும். கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாக்கில் உள்ள ஒவ்வொரு சுவிட்சிலும் முழு ஸ்டாக்கின் கான்ஃபிகும் (அதற்கு எழுதிய அமைப்புகள்) ஒரு பிரதியாக இருக்கிறது. கரண்டோடு இருக்கும்போதே ஸ்டாக் கேபிளைப் பிடுங்கினால், பிரிந்த பெட்டி தன்னையே முழு ஸ்டாக் என்று நினைத்துக்கொண்டு அதே ஐபி முகவரியோடு தனியாக ஓடத் தொடங்கும். பிரிந்துபோன தம்பி, அண்ணனின் கடைப் பெயர்ப்பலகையையே மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே கடை திறந்த மாதிரி. ஆகவே வரிசை இதுதான்: கரண்ட் முதலில், ஸ்டாக் கேபிள் பிறகு, கான்ஃபிக் கடைசியில்.

1. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

கழற்றப்போவது 3ஆம் இலக்கச் சுவிட்ச் என்று வைத்துக்கொள்வோம். "ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்" அடித்தால் 3/0/1 (3ஆம் சுவிட்சின் முதல் போர்ட்) தொடக்கம் எந்தெந்தப் போர்ட் "கனெக்டட்" என்று தெரியும். அதை மட்டும் நம்பாதீர்கள். சனிக்கிழமை பார்த்தால் பாதிக் கணினிகள் அணைந்திருக்கும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் அடிக்கும் பிரிண்டர், கூட்டம் நடக்கும்போது மட்டும் உயிர்பெறும் ப்ரொஜெக்டர், பழைய விரலடையாள மெஷின், இவையெல்லாம் அந்த நேரத்தில் "நொட்கனெக்ட்" என்றுதான் காட்டும்.

சரியான வழி, "கிளியர் கவுன்டர்ஸ்" அடித்துவிட்டு இரண்டு வாரமாவது விட்டுவைப்பது. முடிந்தால் ஒரு மாதக் கடைசியும் அதற்குள் வரட்டும். அப்புறம் "ஷோ இன்டர்ஃபேஸஸ்" பார்த்தால், எந்தப் போர்ட்டில் ஒரு பக்கெட்டும் வரவில்லையோ அதுதான் உண்மையிலேயே சும்மா கிடக்கும் போர்ட்.

அடுத்தது "ஷோ பவர் இன்லைன்". ஐபி ஃபோன், வைஃபை பெட்டி, கமரா எல்லாம் சுவிட்சில் இருந்தே கரண்ட் எடுப்பவை. கழற்றும் சுவிட்ச் பிஓஈ (நெட்வேர்க் வயர் வழியாகவே கரண்ட்) கொடுப்பதாக இருந்து, மாற்றப்போகும் சுவிட்ச் கொடுக்காததாக இருந்தால் ஃபோன் செத்துவிடும். கொடுப்பதாக இருந்தாலும் அளவு பாருங்கள். 2960-எக்ஸில் 370 வாட் மொடலும் உண்டு, 740 வாட் மொடலும் உண்டு. முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஏற்கெனவே நிரம்பிக்கிடக்கும் 370 வாட் பெட்டியில் இன்னும் இருபது ஃபோனைக் கொழுவினால், கடைசியாகக் கொழுவியவற்றுக்குக் கரண்ட் வராது.

2. காகித வேலை

இது அலுப்பான பகுதி, ஆனால் பிற்பாடு உங்களைக் காப்பாற்றுவது இதுதான். நான்கு தாள் வேண்டும்.

முதலாவது, போர்ட் பட்டியல்: பழைய போர்ட், யாருடைய மேசை, எந்த விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வேர்க்), பிஓஈ தேவையா, புதிய போர்ட். கையால் எழுதினாலும் பரவாயில்லை. கணினியில் மட்டும் வைத்திருக்காதீர்கள், நெட்வேர்க் போய்விட்டால் அந்தக் கோப்பும் சேர்வருக்குள்தான் கிடக்கும்.

இரண்டாவது, "ஷோ ரன்னிங்-கான்ஃபிக்", "ஷோ சுவிட்ச்", "ஷோ இன்வென்ட்ரி", "ஷோ ஈதர்சனல் சமரி", "ஷோ சிடிபி நெய்பர்ஸ்" ஆகியவற்றின் முழு வெளியீடு. உங்கள் லாப்டொப்பில் சேமித்து, ஒரு பென்டிரைவிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அனுமதிக் கடிதம். என்ன நாள், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, எந்தப் பிரிவுக்கு நெட்வேர்க் இருக்காது என்று எழுதி மேலதிகாரியின் கையொப்பம் வாங்குங்கள். வாய்ச்சொல்லில் தந்த அனுமதி திங்கட்கிழமை காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நான்காவது, பொருட்பதிவேட்டில் அந்தச் சுவிட்சின் பதிவு. தொடரிலக்கம் "ஷோ இன்வென்ட்ரி" சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முன்பு எப்போதோ பழுதாகி மாற்றிக் கொடுத்த பெட்டியாக இருந்தால் பதிவேட்டில் பழைய இலக்கமே இருக்கக் கூடும். கேட் பாஸ் எழுதும் நேரத்தில் அதைக் கண்டுபிடித்தால் பெட்டி வாசலைத் தாண்டாது.

3. நாளும் நேரமும்

கல்முனை, சம்மாந்துறை, காத்தான்குடிப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கண்ணில் படும். கந்தோர் காலி, இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். அந்த ஆசை வேண்டாம். எல்லாம் ஒழுங்காகப் போனால்தான் அந்த நேரம் போதும். ஒரு சுவிட்ச் எழும்பவே 5 முதல் 10 நிமிடம் எடுக்கும், இரண்டு தடவை எழுப்ப வேண்டி வந்தால் ஆட்கள் திரும்பி வந்து உங்கள் பின்னால் நிற்பார்கள்.

போயா தினம் அமைதியாக இருக்கும். ஆனால் ஒரு கேபிள் குறைந்தால் வாங்கக் கடை இருக்காது. என்னைக் கேட்டால் சனிக்கிழமை காலை. கொழும்பில் கடைகள் திறந்திருக்கும், பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்குக் கோல் எடுத்தால் எடுப்பார், ஞாயிறு ஒரு நாள் கையில் இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் வைத்தால், வானத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ஒரு சுவிட்ச் எழும்பிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தால், எது உங்களால் நடந்தது, எது கரண்டால் நடந்தது என்று பிரிக்க முடியாது. ராக் யூபிஎஸ்ஸில் இருந்தாலும் அதன் பட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று வேலைக்கு முந்திய கிழமையே சோதித்து வையுங்கள்.

கழற்றும் வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். ஆட்களை வேறு போர்ட்டுக்கு மாற்றுவதுதான் நாளைத் தின்னும்.

4. வளையமும் கேபிளும்

ஸ்டாக் கேபிள்கள் ஒரு வளையமாகப் போட்டிருக்க வேண்டும்: 1இல் இருந்து 2, 2இல் இருந்து 3, 3இல் இருந்து 4, 4இல் இருந்து திரும்ப 1. வளையம் முழுதாக இருந்தால் நடுவில் ஒன்றை அணைத்தாலும் மற்றவை மறுபக்கத்தால் சுற்றிப் பேசிக்கொள்ளும். ஏற்கெனவே 4க்கும் 1க்கும் நடுவில் அறுந்திருந்தால், நீங்கள் 3ஐ அணைத்த அடுத்த நொடி 4 தனித்துப் போய்விடும். அப்போது ஒரே ஐபியில் இரண்டு ஸ்டாக்.

அறுந்த வளையம் வெளியே தெரியாது, வேலை நடந்துகொண்டே இருக்கும், வேகம் மட்டும் பாதியாகியிருக்கும். ஆகவே கட்டாயம் பாருங்கள். "ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சமரி" எல்லாப் போர்ட்டையும் "ஓகே" என்று காட்ட வேண்டும். 9300இல் "ஷோ சுவிட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீட்" அடித்தால் "ஃபுல்" என்று வர வேண்டும். "ஹாஃப்" என்று வந்தால் முதலில் வளையத்தைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் கனெக்டர் முனை மங்கிப்போவதும் நடக்கும். ஸ்குரூவைக் கையால் இறுக்கினாலே சில வேளை சரியாகிவிடும்.

இப்போது செலவு. 3ஐ எடுத்த பிறகு 2ஐயும் 4ஐயும் நேரடியாக இணைக்க வேண்டும். அரை மீட்டர் கேபிள் எட்டுமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். ராக்கில் நடுவில் பேட்ச் பனல் இருந்தால் பெரும்பாலும் எட்டாது. 1 மீட்டரோ 3 மீட்டரோ வேண்டும். இது மட்டக்களப்பு நகரில் நினைத்த நேரம் கிடைக்கும் சாமான் இல்லை. கொழும்பில் சொல்லி, இரவு பஸ்ஸில் பார்சலாக எடுக்க ஒரு நாளாவது பிடிக்கும். கையிருப்பில் இல்லை என்றால் வாரக்கணக்கு. விலையை எழுத்தில் வாங்குங்கள், பாவித்த கேபிளா புதியதா என்பதும் அதில் இருக்கட்டும்.

கேபிள் வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. 2960-எக்ஸின் ஸ்டாக் கேபிள் 9300க்குப் பொருந்தாது. 3850இன் கேபிள் 9300க்குப் பொருந்தும். 9300எல் என்பது பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் அதற்கு வேறு கிட். மொடல் இலக்கத்தை முழுதாக எழுதிக் கொடுங்கள்.

5. கழற்றப்போவது மாஸ்டரா?

"ஷோ சுவிட்ச்" அடித்தால் எது மாஸ்டர் (முழு ஸ்டாக்கையும் நடத்தும் சுவிட்ச்) என்று தெரியும். 9300இல் அதற்கு "அக்டிவ்" என்று பெயர். சாதாரண மெம்பரைக் கழற்றுவது இலகு. உங்களுடையதும் சாதாரண மெம்பர் என்றால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

மாஸ்டரே போகப்போகிறது என்றால், முதலில் பொறுப்பை வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். இருக்கப்போகும் சுவிட்சின் ப்ரையாரிட்டியை (முன்னுரிமை எண்) 15 ஆக்குங்கள், அதுதான் உச்சம். பலரும் இத்தோடு மாஸ்டர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாறாது. ப்ரையாரிட்டி, சுவிட்சுகள் மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த தேர்தலில்தான் எண்ணப்படும். 9300இல் ஸ்டேண்ட்பை (அடுத்துப் பொறுப்பெடுக்கக் காத்திருக்கும் சுவிட்ச்) தயார் நிலையில் இருக்கிறதா என்று "ஷோ ரிடன்டன்சி" மூலம் பார்த்துவிட்டு "ரிடன்டன்சி ஃபோர்ஸ்-சுவிட்ச்ஓவர்" அடியுங்கள். பழைய அக்டிவ் ரீலோட் ஆகி (அணைந்து திரும்ப எழும்பி) வரும், அதில் உள்ளவர்களுக்குச் சில நிமிடம் தொடர்பு இருக்காது. 2960-எக்ஸில் பழைய மாஸ்டரை அணைத்ததும் அடுத்தது தானாகப் பொறுப்பெடுக்கும்.

இன்னொன்று மெக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே போடும் இலக்கம். ஸ்டாக் முழுவதும் மாஸ்டரின் மெக் முகவரியைத்தான் தன் முகவரியாக வெளியில் காட்டும். 9300இல் மாஸ்டர் போன பிறகும் அதே முகவரியையே ஸ்டாக் பிடித்து வைத்திருக்கும். "ஷோ சுவிட்ச்" வெளியீட்டின் முதல் வரியில் "ஃபொரின் மெக்" என்று வந்தால் அதுதான் அர்த்தம். அந்த நிலையில் கழற்றிய பெட்டியை அதே நெட்வேர்க்கில் இன்னொரு மூலையில் கொழுவினால் ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருக்கும், டிராஃபிக் எங்கே போகிறது என்று தெரியாது. முழு ஸ்டாக்கையும் ஒருமுறை ரீலோட் செய்தால் புதிய அக்டிவின் சொந்த முகவரிக்கு வந்துவிடும். அதுவரை கழற்றிய சுவிட்ச் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

6. அப்லிங்கையும் ஆட்களையும் மாற்றுங்கள்

"ஷோ ஈதர்சனல் சமரி" பாருங்கள். அப்லிங்க் (ஸ்டாக்கை வெளி நெட்வேர்க்கோடு இணைக்கும் வயர்கள்) 3ஆம் சுவிட்சில் மட்டும் இருந்தால், அதை அணைத்ததும் முழு ஸ்டாக்குக்கும் வெளியுலகம் போய்விடும். அதன் ஒரு கால் (ஒரு வயர்) 1இலும் ஒரு கால் 3இலும் இருந்தால் தொடர்பு நிற்காது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும். ஆகவே 3இல் உள்ள காலை 2க்கோ 4க்கோ முதலில் மாற்றுங்கள்.

ஆட்களை மாற்றும்போது, புதிய போர்ட்டில் விலான், வொய்ஸ் விலான் (ஃபோனுக்கான விலான்), போர்ட் செக்யூரிட்டி (தெரிந்த கருவிகளை மட்டும் போர்ட்டில் விடும் பூட்டு) எல்லாம் எழுதிய பிறகு வயரை மாற்றுங்கள். போர்ட் செக்யூரிட்டி போட்டிருந்தால் பழைய போர்ட்டில் ஒட்டிவைத்த மெக் முகவரிகளை அழிக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் புதிய இடத்தில் தடுபடும். ஐந்தைந்தாக மாற்றி, ஒவ்வொரு ஐந்துக்கும் ஃபோன் டோன் வருகிறதா, பிரிண்ட் போகிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு 3இல் உள்ள போர்ட்டுகளை "ஷட்டவுன்" செய்து ஒரு நாள் விட்டுவைத்தால் இன்னும் நல்லது. யாராவது கத்தினால் ஒரு கமாண்டில் திரும்பக் கொடுத்துவிடலாம்.

7. கரண்ட், கேபிள், பெட்டி

"ரைட் மெமரி" அடித்துச் சேமியுங்கள். கன்சோல் கேபிளை (லாப்டொப்பை நேரடியாகச் சுவிட்சோடு இணைப்பது) மாஸ்டரில் கொழுவி வைத்திருங்கள். நெட்வேர்க் ஊடாக மட்டும் உள்ளே இருக்காதீர்கள்.

எது 3 என்று உறுதி செய்யுங்கள். மேலிருந்து மூன்றாவது பெட்டி 3ஆம் இலக்கம் என்று ஒரு சட்டமும் இல்லை. "ஷோ இன்வென்ட்ரி" தரும் தொடரிலக்கத்தைப் பெட்டியின் லேபிளோடு ஒப்பிடுங்கள். 2960-எக்ஸில் முன்னால் உள்ள மோட் பட்டனை அழுத்தி ஸ்டாக் விளக்குக்குக் கொண்டுவந்தால், அந்தப் பெட்டியின் சொந்த இலக்கத்துக்குரிய போர்ட் விளக்கு மினுங்கும். இரண்டையும் பாருங்கள்.

கரண்ட் வயரைச் சுவிட்ச் பக்கத்தில் பிடுங்குங்கள், யூபிஎஸ் பக்கத்தில் வேண்டாம். பின்பக்கம் முடிச்சாகக் கிடக்கும் கறுப்பு வயர்களில் எது எதனுடையது என்று ஊகிப்பது ஆபத்து. 9300இல் இரண்டு பவர் சப்ளை இருக்கலாம், இரண்டையும் பிடுங்க வேண்டும்.

9300 வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் ஸ்டாக் கேபிளைத் தவிர ஸ்டாக்பவர் கேபிள் என்று வேறொன்றும் போட்டிருந்தால், சுவரில் இருந்து வரும் கரண்டைப் பிடுங்கினாலும் பெட்டி அணையாது. பக்கத்துப் பெட்டிகள் அதற்குக் கரண்ட் கொடுக்கும். "எல்லாம் பிடுங்கிவிட்டேன், ஏன் இன்னும் லைட் எரிகிறது" என்று தலையைச் சொறிவது இதனால்தான். மறுபக்கமும் உண்டு: மற்றப் பெட்டிகள் இதன் பவர் சப்ளையை நம்பியிருந்தால், இது போனதும் அவற்றில் பிஓஈ போர்ட்டுகள் அணையலாம். "ஷோ ஸ்டாக்-பவர்" பார்த்து, மிச்ச அளவு போதுமா என்று கணக்குப் போட்ட பிறகே ஸ்டாக்பவர் கேபிளில் கை வையுங்கள்.

விளக்கெல்லாம் அணைந்து, விசிறிச் சத்தம் நின்றதா? இப்போது ஸ்டாக் கேபிள் இரண்டையும் அந்தப் பெட்டியில் இருந்து கழற்றுங்கள். 2ஐயும் 4ஐயும் இணைத்து வளையத்தை மூடுங்கள். இவை ஓடிக்கொண்டிருக்கும்போது மூடலாம், ஒன்றும் ரீலோட் ஆகாது. திரும்ப "ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சமரி". வளையம் முழுதானதைக் கண்ணால் பார்த்த பிறகே பெட்டியை ராக்கில் இருந்து இறக்குங்கள். இரண்டு சுவிட்ச் கழற்ற வேண்டும் என்றால் ஒன்று முடிந்து, வளையம் மூடி, அப்புறம் அடுத்தது. இரண்டையும் ஒன்றாக அணைக்கவே கூடாது.

"ஐயோ, ஒரு பிரிண்டரை மாற்ற மறந்துவிட்டோம்" என்று யாராவது சொல்லி, கழற்றிய பெட்டியைத் திரும்பக் கொழுவ வேண்டி வரலாம். அதைத் தனியாக எழுப்பிவிட்டு, ஓடும் நிலையில் ஸ்டாக் கேபிளைக் குத்திவிடாதீர்கள். இரண்டு மாஸ்டர்கள் சந்தித்தால் தேர்தல் நடக்கும், தோற்ற பக்கம் முழுவதும் ரீலோட் ஆகும். கழற்றிய பெட்டிக்கு முன்பு ப்ரையாரிட்டி 15 கொடுத்திருந்தால், தோற்பது உங்கள் ஓடும் ஸ்டாக்தான். கரண்ட் இல்லாமல் கேபிளைக் கொழுவி, பிறகு கரண்ட் கொடுங்கள்.

8. கான்ஃபிகை அழிப்பதா, விடுவதா

பெட்டி போன பிறகும் "ஷோ ரன்னிங்-கான்ஃபிக்"கில் 3/0/1 தொடக்கம் எல்லாப் போர்ட்டும் அப்படியே கிடக்கும். "ஷோ சுவிட்ச்" பட்டியலிலும் 3 இருக்கும், 2960-எக்ஸில் "ப்ரொவிஷன்ட்" என்றும் 9300இல் "ரிமூவ்ட்" என்றும்.

அதே மொடலில் வேறு பெட்டி வந்து அந்த இடத்தில் உட்காரப்போகிறது என்றால் அழிக்காதீர்கள். புதியதற்கு 3 என்ற இலக்கத்தைக் கொடுத்துக் கொழுவினால் பழைய கான்ஃபிக் தானாக ஏறும். நிரந்தரமாகப் போகிறது என்றால், கான்ஃபிக் பயன்முறையில் "நோ சுவிட்ச் 3 ப்ரொவிஷன்", பிறகு "ரைட் மெமரி". பெட்டி ஸ்டாக்கில் இருக்கும்போதே இதை அடித்தால் ஏற்காது, அது நல்லதுதான்.

1, 2, 4 என்று இலக்கம் விட்டுப்போய் இருப்பது கண்ணுக்கு உறுத்தும். 4ஐ 3 ஆக்கலாம் என்று கை துருதுருக்கும். விடுங்கள். இலக்கம் மாற்றினால் அந்தப் பெட்டி ரீலோட் ஆக வேண்டும், 4/0 என்று எழுதிய கான்ஃபிகும் கூடவே வராது. அழகுக்காக ஒரு பகல் வேலை.

9. கழற்றிய பெட்டி

அதற்குள் உங்கள் கந்தோரின் பாஸ்வேர்ட், எஸ்என்எம்பி சொல் (சுவிட்சைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கான ரகசியச் சொல்), விலான் பட்டியல் எல்லாம் முழுதாக இருக்கிறது. ஆகவே விற்கவோ வேறு கிளைக்கு அனுப்பவோ முன்னர் துடைக்க வேண்டும். எந்த நெட்வேர்க் வயரும் இல்லாமல், கன்சோல் மட்டும் கொழுவி எழுப்புங்கள். கன்சோல் வேகம் 9600.

முதலில் ப்ரையாரிட்டியை 1 ஆக்கி, "சுவிட்ச் 3 ரீநம்பர் 1" அடியுங்கள். 2960-எக்ஸில் இரண்டும் கான்ஃபிக் பயன்முறையில், 9300இல் அந்தப் பயன்முறைக்கு வெளியில். அப்புறம் "ரைட் இரேஸ்", ஃப்ளாஷில் உள்ள விலான்.டாட் கோப்பை "டிலீட்", பிறகு "ரீலோட்". கான்ஃபிகைச் சேமிக்கவா என்று கேட்கும், "நோ" சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் "யெஸ்" அடித்தால் துடைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். "ரைட் இரேஸ்" மட்டும் அடித்துவிட்டு விட்டால் இலக்கமும் ப்ரையாரிட்டியும் அழியாது. வேறு ஊரில் தனியாகக் கொழுவுபவர் 1/0/1 தேடுவார், அங்கே 3/0/1 நிற்கும்.

பெட்டியோடு பவர் வயர், ராக் காது, கழற்றிய ஸ்டாக் கேபிள் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் போய், கேட் பாஸில் ஒவ்வொன்றும் தனி வரியாக எழுதப்பட வேண்டும். 2960-எக்ஸ் என்றால் பின்னால் செருகியிருக்கும் ஸ்டாக் மொடியூலும் ஒரு வரி. அது தனியாக விலைபோகும் சாமான். பொருட்பதிவேட்டில் இடமாற்றம் எழுதி, பொறுப்பெடுத்தவரின் கையொப்பம் வாங்குங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால், அது பெரும்பாலும் தொடரிலக்கப்படிதான் இருக்கும். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் இந்த இலக்கத்தை நீக்கச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள், இல்லாத பெட்டிக்கு இன்னும் ஒரு வருடக் காசு போகாது. மாடியே காலியான பிறகும் "கிடக்கட்டும், ஒன்றும் செய்யாது" என்று ராக்கில் விட்டுவைக்கச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு: 60 வாட் எடுக்கும் ஒரு சுவிட்ச் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட். அது வெளிவிடும் சூட்டை இறக்க ஏசி எடுப்பது அதற்கு மேல்.